ஓரத்தில் ஒரு கேள்விக்குறி

ஒரு நாவலின் முன்னுரையில், கடைசிக்கு முந்திய பத்தியில், என் பெயர் அச்சாகியிருக்கிறது. தென்கடற்கரைப் பேச்சின் ஒரு சொல்லும் கெடாமல், பிழையென்று சுட்ட ஓர் எழுத்தும் இல்லாமல் இந்நூல் வெளிவருகிறதென்றால் அதற்கு இன்னாரே காரணம் என்று அதன் ஆசிரியர் மனம் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். எழுதி நான்கு வருஷமாகிறது. புகழ்மொழி எதுவாயினும் நாள்பட நாள்பட மங்கி, போன வருஷத்து நாட்காட்டிப் படம்போலச் சுவரோடு சுவராகிவிடும் என்பதே என் அனுபவம். இந்த நான்கு வரிகள் மட்டும் ஏனோ அப்படி ஆகவில்லை. புத்தகக் கடையில் அந்த நாவலின் முதுகு கண்ணில் பட்டால் நான் அடுத்த அலமாரிக்கு நகர்ந்துவிடுகிறேன். யாராவது அந்த முன்னுரையைப் படித்துவிட்டு வந்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால், "ஏதோ நம்மால் ஆனது" என்று நான் சொல்லும் பதில், அடக்கத்தின் வேஷத்தில் வரும் பொய்யென்று எனக்கே தெரிகிறது. 272 பக்கங்கள் கொண்ட அந்நூலில் நான் பார்த்தவை முதல் மூன்று பாரங்கள், அதாவது 48 பக்கங்கள். எஞ்சிய பதினான்கு பாரங்களை நான் கண்கொண்டும் பார்க்கவில்லை. பார்த்த அந்த 48 பக்கங்களில் நான் செய்த காரியம் என்ன என்பதைச் சொல்வதற்குள் இந்தத் தொழிலைப் பற்றிச் சிலவற்றைச் சுற்றிவளைத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. நேராகச் சொல்லத் தைரியம் போதவில்லை என்று வைத்துக்கொண்டாலும் சரிதான்.

நான் இந்த உத்தியோகத்துக்கு வந்தது ராயப்பேட்டையில் ஓர் அச்சுக்கூடத்தில், ஈய எழுத்துகளின் காலம் முடியும் தறுவாயில். நனைத்த தாளில் அழுத்தி எடுத்த காலிப் புரூஃப் என் மேஜைக்கு வரும்போது ஈரம் உலர்ந்திருக்காது. மையும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை சட்டையில் ஏறி, வீட்டுக்கு வந்து, சோற்றிலும் கலந்திருப்பதாக என் மனைவி சொல்லுவாள். அங்கே மெய்ப்புப் பார்ப்பது ஒருபோதும் ஒருவர் வேலையாக இருந்ததில்லை. எதிரே ஒரு பையன் உட்கார்ந்து மூலப் பிரதியை உரக்கப் படிப்பான். நான் புரூஃபின்மேல் பேனாவை ஓட்டுவேன். அவனுக்கு அர்த்தம் தெரியவேண்டிய அவசியமில்லை. தெரியாமலிருப்பதே நல்லது என்று சொல்லுவார்கள், ஏனெனில் அர்த்தம் தெரிந்தவன் எழுத்தைப் பார்க்காமல் தன் நினைப்பைப் படித்துவிடுவான். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, மேற்கோள் தொடக்கம், மேற்கோள் முடிவு என்று குறிகளையும் சேர்த்துச் சைவ சித்தாந்த நூலையும் மருந்துக் கம்பெனியின் விலைப்பட்டியலையும் ஒரே ராகத்தில் அவன் படித்துக்கொண்டு போகையில், கண் ஏமாந்த இடத்தைக் காது பிடித்துக்கொள்ளும். அடுத்த அறையில் கம்பாசிட்டர் நின்றுகொண்டிருப்பார். எழுத்தை இடம்வலம் மாறிய கோலத்திலேயே ஆயுள் முழுவதும் வாசித்த மனிதர். நன்னூலின் சூத்திரம் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் கோத்த வரியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு எழுத்து கொறையுது சார்" என்பார். எண்ணிப் பார்த்தால் ஒரு ககர ஒற்று விடுபட்டிருக்கும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து ஆண்டுகள் கழிந்த பின்னும், துதிக்கை வைத்த பழைய 'லை'யும் 'னை'யும் அவருடைய கேஸில் ஓர் அறையில் தூசி படிந்து கிடந்தன. உருக்கப் போடலாமே என்று முதலாளி கேட்டபோது, பழைய புத்தகம் ஏதாவது மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டதாக ஞாபகம். வரவில்லை. அச்சுக்கூடந்தான் மூடப்பட்டது.

அதன்பின் திருவல்லிக்கேணியில், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் போட்ட ஒரு மேஜையே என் தொழிற்சாலையாயிற்று. யாருக்கும் பணியாளில்லை, எவரும் எனக்கு எஜமானரில்லை என்ற அந்த நிலையைச் சுதந்திரம் என்று நண்பர்கள் வர்ணித்தார்கள். முதல் ஆறு மாதம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகுதான் எதிரே படிக்கும் பையன் இல்லை என்பது உறைத்தது. தனியே உட்கார்ந்து ஒரே பக்கத்தை மூன்றாம் முறை பார்க்கிறவனுக்கு எழுத்துகள் தெரிவதில்லை. முந்திய இரண்டு முறை பார்த்த ஞாபகமே தெரிகிறது. ஈயம் போய்க் கணினி வந்தபோது பிழைகளின் ஜாதியும் மாறிவிட்டிருந்தது. முன்பெல்லாம் பிழை என்றால் தலைகீழாக நின்ற எழுத்து, இடம் மாறிய எழுத்து, தீர்ந்துபோன 'ண'வுக்குப் பதிலாகத் தற்காலிகமாகச் செருகி மாற்ற மறந்த எழுத்து, கண்ணுக்குத் தெரியும். இப்போதோ பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும்போது 'ஔ' என்ற ஓரெழுத்து 'ஒ'வும் 'ள'வுமாகப் பிளந்து போய், ஔவையார் ஒளவையாராக நிற்கிறாள்; தாளில் பார்த்தால் பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றேபோல் இருக்கும், சொல்லடைவை அகரவரிசைப்படுத்தும்போதுதான் கிழவி தன் வீட்டை விட்டு வேறு தெருவில் குடியிருப்பது தெரியவரும். இதையெல்லாம் ஒருவன் தனியாகக் கற்றுக்கொண்டு, தனியாகக் கண்டுபிடித்து, தனியாகத் திருத்தி, பக்கக் கணக்கில் கூலி வாங்கிப் பிழைக்க முடியும் என்று நம்பியதுதான் என் தொழில் வாழ்க்கையின் முதற்பிழை.

அந்தப் பிழையைத் திருத்தியவர்கள் ஐந்தாறு பேர். அவர்களைச் சங்கம் என்று சொன்னால் சிரிப்பார்கள். பெயர் இல்லை, சந்தா இல்லை, எல்லாரும் ஒருமுறைகூட ஒரே இடத்தில் கூடியதில்லை. பழைய கம்பாசிட்டர் இப்போது பெரம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். செங்கல்பட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்; நாங்கள் எல்லாரும் அவரை டீச்சர் என்றே அழைக்கிறோம். கோயம்புத்தூரில் எழுத்துரு நுணுக்கம் தெரிந்த ஓர் இளைஞன். பாளையங்கோட்டையில், கல்யாணத்துக்குப் பின் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தபடியே மெய்ப்புப் பார்க்கும் ஒரு பெண். என்னை அண்ணாச்சி என்பாள். எங்களுக்குள் நடப்பது பெரும்பாலும் தொலைபேசிப் பேச்சுதான். 'வேலை கொடு' என்றால் உத்தியோகம் கேட்கிறான், 'வேலைக் கொடு' என்றால் முருகனிடம் ஆயுதத்தைக் கேட்கிறான் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். 'தந்த பலகை'யும் 'தந்தப் பலகை'யும் அவ்வாறே. ஆனால் பாடத்தில் இல்லாத இடங்களே வாழ்க்கையில் அதிகம். 'வாழ்த்துகள்' என்பதா 'வாழ்த்துக்கள்' என்பதா என்ற வழக்கு எங்களுக்குள் ஒரு முழுச் சாயங்காலத்தை விழுங்கியிருக்கிறது, டீச்சர் சூத்திரம் சொல்லி முடித்துவிட்டு, "எழுதினவர் அதை எப்படி உச்சரிக்கிறார்னு கேட்டீங்களா?" என்று வைத்த ஒரு கேள்வியில் சூத்திரம் படித்த நாங்கள் அத்தனை பேரும் வாயடைத்துப் போனோம். மேஜையில் க்ரியாவின் அகராதி இருக்கிறது. 1992, 2008, 2020 ஆகிய மூன்று பதிப்புகளும் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் லெக்சிகன் அலமாரியின் கீழ்த்தட்டை நிறைத்துக்கொண்டிருக்கிறது. ஆயினும் கை முதலில் போவது தொலைபேசிக்குத்தான். டிசம்பரில் இது உச்சத்தை எட்டும். 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் கண்காட்சி பொங்கலை ஒட்டி வருவதால், வருஷம் முழுதும் தூங்கிய பிரதிகள் எல்லாம் கார்த்திகையில் விழித்துக்கொண்டு, நேற்றே வேண்டும் என்று நம் வாசலில் நிற்கும். கூலி மட்டும் அவ்வளவு அவசரப்படாது. "கண்காட்சி முடியட்டும் சார்" என்பது எங்கள் தொழிலின் நிரந்தர வாசகம். அந்த இரண்டு மாதத்தில் ஒருவருக்கு முடியாமற்போனால் அவருடைய பாரத்தை மற்றவர்கள் வாங்கிக்கொள்வது எங்களுக்குள் எழுதப்படாத வழக்கமாக ஏற்பட்டுவிட்டது. அதற்குக் கணக்கு யாரும் வைப்பதில்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். எல்லார் மனத்திலும் கணக்கு இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

அறிவு இப்படித் தெருவெல்லாம் அலைந்து ஒருவர் மேஜைக்கு வந்து சேர்வது புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்தபோது, தாம் கற்ற அத்தனை தமிழும் அந்நூலின் சமண மரபுகளுக்கு முன்னே செல்லாக்காசாய் நிற்பதைக் கண்டார். கதவைத் திறந்தவர்கள் கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தினர். கல்லூரி ஆசிரியர் திகைத்து நின்ற இடங்கள் அவர்களுக்கு வீட்டுச் சமாசாரம். அந்தக் காவியத்தை அவர்கள் பக்தியோடு ஓதிவந்திருக்கிறார்கள். 1887-இல் நூல் வெளிவந்தது. பழைய பதிப்புகளின் முகப்பில் 'இன்னாரால் பரிசோதித்துப் பதிப்பிக்கப்பெற்றது' என்று ஒரே பெயரைத்தான் காண்கிறோம். அந்த ஒரு பெயரின் முதுகுக்குப் பின்னால் ஏடு கொடுத்தவர்கள், ஒப்புநோக்க உதவியவர்கள், முன்பணம் அனுப்பிக் கையொப்பமிட்டவர்கள் என்று ஓர் ஊரே நின்றுகொண்டிருக்கிறது. ஆனால் ஐயர் முன்னுரையில் ஏடு உதவியவர்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்திவிடுவார். அவருக்கு முன்னுரை இருந்தது. மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு முன்னுரை கிடையாது. அவன் உதவி பெற்றதை எங்கே எழுதுவான்? பக்க ஓரத்தில் எழுத இடமுண்டு, ஆனால் அந்த ஓரம் அச்சேறுவதில்லை. இப்படிச் சொல்லி நான் வெகுநாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சமாதானம் அழகாக இருந்தது என்பதே அதன்மேல் சந்தேகம் எழக் காரணம்.

அந்த நாவல் வந்தது ஒரு நவம்பரில். முதல் மூன்று பாரங்களை நான்கே நாளில் முடித்தேன். மணப்பாட்டுப் பக்கத்துக் கடற்கரை. கரைமடியும் கச்சானும் கொண்டலும் பக்கத்துக்குப் பக்கம் வீசும் எழுத்து. அதில் 'நீவாடு' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. முதல் இடத்தில் தட்டச்சுப் பிழை என்று எண்ணினேன். இரண்டாம் இடத்தில் ஆசிரியரின் கைப்பழக்கம் என்று தீர்மானித்தேன். சூழலைப் பார்த்தால் கடலுக்குள் நீர் ஓடும் ஓட்டத்தைச் சொல்லுகிறார் என்பது விளங்கிற்று, விளங்கியதே வினையாயிற்று. 'நீவாடு' என்பதைச் சிவப்பு மையால் அடித்து 'நீரோட்டம்' என்று ஓரத்தில் எழுதினேன். பதினொரு இடங்கள். அகராதியைப் புரட்டவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. மற்றவர்களைக் கேட்டுக் கேட்டே காலம் தள்ளுகிறவன் அன்றைக்கு மட்டும் ஏன் ஒருவரையும் கேட்கவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். சந்தேகம் வந்தால்தானே கேட்கத் தோன்றும். எனக்குத்தான் அர்த்தம் விளங்கிவிட்டதே. பையனுக்கு அர்த்தம் தெரியாமலிருப்பதே நல்லது என்று அச்சுக்கூடத்தில் சொன்னது அந்த மேஜையில் பலித்தது.

ஐந்தாம் நாள் காலையில் இடக்கண்ணின் ஓரத்தில் ஒரு கருந்திரை இறங்கத் தொடங்கியது. விழித்திரை விலகிவிட்டது என்றார் டாக்டர், அன்றே அறுவை. கண்ணுக்குள் வாயுக்குமிழ் ஒன்றை வைத்திருப்பதாகவும், அது மேலெழும்பித் திரையை அழுத்திப் பிடிப்பதற்காக நான் முகத்தைக் கவிழ்த்தபடியே இருக்கவேண்டும் என்றும் சொன்னார்கள். கவிழ்ந்து கிடந்தேன். தலையணை விளிம்புக்கும் தரைக்கும் இடைப்பட்ட ஒரு சாண் சிமெண்டே என் உலகமாயிற்று. அதிலிருந்த வெடிப்புகளைக்கூட நான் திருத்தக்குறிகளாக வாசிக்க ஆரம்பித்தேன் என்பது வேடிக்கை. பெரம்பூர்க்காரர் வந்தது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. மேஜையிலிருந்த கட்டு முழுவதையும், நான் முடித்த மூன்று பாரம் உள்பட, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, "நீங்க தரையப் பாருங்க சார், இத நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரிடம் போயிற்று, எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. பேசும்போதெல்லாம் உடம்பை மட்டுமே விசாரித்தார்கள்.

ஜனவரியில் புத்தகமும் பழைய புரூஃப் கட்டும் சேர்ந்து வந்தன. நல்ல கண்ணால் கட்டைப் புரட்டினேன். பதினான்கு பாரங்களும் பாளையங்கோட்டைப் பெண்ணின் பென்சில். சிவப்பு மையே அவள் உபயோகிப்பதில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். திருத்தங்கள் குறைவு, ஓரமெங்கும் கேள்விக்குறிகள், ஒவ்வொன்றும் ஒரு சிறு வட்டத்துக்குள். நான்காம் பாரத்தில் 'நீவாடு' முதன்முதலில் வரும் இடத்தில் அந்த வட்டம் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. அதன் கீழே, வேறொரு நாளில் கூர்தீட்டிய பென்சிலில், 'சரி' என்று ஒரு சொல். பிறகு முதல் மூன்று பாரங்களைப் பார்த்தேன். நான் அடித்த பதினொரு இடங்களிலும் அடித்த சொல்லின் கீழே புள்ளிக்கோடு. இருந்தது இருந்தபடி இருக்கட்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் உள்ள குறி அது. என் சிவப்பு மையை அவள் அழிக்கவில்லை, அதன்மேல் ஒரு கீறலும் இல்லை. கீழே அந்தச் சின்னப் புள்ளிகள் மட்டும், வரிசையாக, பொறுமையாக.

தொலைபேசியில் கேட்டேன். தெருவில் மீன் கொண்டுவரும் அம்மாளுக்குக் கடற்கரை ஊர் என்பதால், சாளை வாங்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டாளாம். "கடலுக்குள்ள தண்ணி ஓடுதுல்லா, அதுதாம்மா நீவாடு. காத்து ஒரு பக்கம் தள்ளும், நீவாடு ஒரு பக்கம் இழுக்கும். அது தெரியாம வலையப் போட்டா வலை நம்ம வலையா இருக்காது" என்று அந்த அம்மாள் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாளாம். "அண்ணாச்சி, நீங்க போட்டது தப்புன்னு சொல்லல. ஆனா அதக் கேட்டபெறவு எனக்கு மாத்த மனசு வரல" என்றாள். தப்பு இல்லை என்பதுதான் என்னைத் தைத்தது. நீரோட்டம் என்றாலும் அதே பொருள்தான், எந்த வாசகனும் தடுக்கியிருக்க மாட்டான், ஆசிரியரேகூட மறுபதிப்பு வரைக்கும் கவனித்திராமல் போயிருக்கலாம். கிணறு வெட்டுகிறவன் வாயில் புழங்கும் சொல்லைக் கடலில் இறங்குகிறவன் வாயில் வைத்துவிட்டு, அதை நான் சுத்தம் என்று கருதியிருப்பேன்.

நடந்ததைப் பதிப்பாளரிடம் சொல்லவேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். "சொல்லாதீங்க அண்ணாச்சி, அடுத்த வேல வராமப் போயிரும்" என்று தடுத்தவள் அவளேதான். உங்களை நம்பிக் கொடுத்த பிரதி நாலு கை மாறியது தெரிந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்றாள். அவள் சொன்னது நியாயம் என்று நான் ஒப்புக்கொண்ட வேகத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மார்ச்சில் என் பெயருக்குக் காசோலை வந்தது. பெரம்பூர்க்காரர், "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீங்க பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டு வாயை மூடிவிட்டார். அவளோ கூரியர் செலவை மட்டும் பைசா சுத்தமாகக் கணக்கிட்டு வாங்கிக்கொண்டாள். சகாயம் என்று நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டின் மறுபக்கம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. சென்னைப் பதிப்பகங்களில் அவள் பெயரை அறிந்தவர் இல்லை. அறியாததால் அவளுக்குப் பக்கக் கூலி என்னுடையதைவிடக் குறைவு. அதுவும் பெரும்பாலும் எங்களில் யாராவது தள்ளிவிட்ட வேலை. அந்த முன்னுரையில் அவள் பெயர் இருந்திருந்தால் அந்த நிலை மாறியிருக்கும். நான் கண் பிழைத்துக்கொண்டதற்கு அவள் கொடுத்தது பதினான்கு பாரத்து உழைப்பு மட்டுமா, அல்லது அதைவிடப் பெரிதாக வேறொன்றுமா என்று கேட்டுக்கொள்கிறபோது, எங்கள் ஐந்தாறு பேர் கூட்டத்தின் மனத்துக்கணக்கில் என் பெயருக்கு நேரே நிற்கும் தொகை எனக்குப் படிக்க முடியாத இலக்கத்தில் இருக்கிறது. மீன்காரம்மாள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அன்றைக்குச் சாளை என்ன விலைக்கு வாங்கினாள் என்றுகூட நான் கேட்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு என் பழக்கத்தில் ஏற்பட்ட மாறுதல் ஒன்றுதான்: நானும் பென்சிலுக்கு வந்துவிட்டேன். திருத்தம் என்பது அதிகாரம், வினா என்பது மரியாதை என்றெல்லாம் அதற்குத் தத்துவம் கட்ட ஆசையாக இருக்கிறது. ஆனால் பென்சிலுக்கு மாறியபின்னும் சில நாள் என் கை கேள்விக்குறி போடாமல் நேரே அடித்துவிடுகிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும். முப்பது வருஷத்துக் கை.

போன மாதம் அந்த நாவலின் இரண்டாம் பதிப்புக்கான புரூஃப் வந்தது. முன்னுரையும் அதில் இருந்தது. ஆசிரியரின் கூற்றைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை, கேட்கத்தான் முடியும் என்பது தொழில் தர்மம். ஆகவே கடைசிக்கு முந்திய பத்தியில், என் பெயருக்கு நேரே, ஓரத்தில் ஒரு சிறு வட்டமிட்டு, அதற்குள் ஒரு கேள்விக்குறி போட்டேன். அவர் கூப்பிட்டுக் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று, பாளையங்கோட்டைக்கும் தெரிவிக்காமல், தீர்மானித்துக்கொண்டு ஒரு வாரம் காத்திருந்தேன். அவர் கூப்பிடவில்லை. திருத்திய பக்கமே வந்தது. கேள்வியை அவர் தமக்குத் தெரிந்தவகையில் புரிந்துகொண்டு, முதற்பதிப்பில் விட்டுப்போனதற்கு மன்னிக்கும்படி ஓரத்தில் தம் கையால் ஒரு வரி எழுதி, என் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்தைச் சேர்த்திருந்தார்.